ஒரு குடம் நல்ல தண்ணீர்

ஏரியின் வாய் அடைபட்டால் முதலில் மூக்குக்குத்தான் தெரியும். பழவேற்காடு ஏரியைக் கடலோடு சேர்க்கும் "மொகத்துவாரம்" மணல் மூடிக்கொண்ட அந்தக் கோடையில், செத்த மீனும் காய்ந்த சேறும் கலந்த புளித்த வாடை, நாங்கள் கண் விழிப்பதற்கு முன்பே பாய்க்குப் பக்கத்தில் வந்து படுத்திருக்கும். சோற்றில் அடிக்கும், துவைத்துக் காயப்போட்ட பாவாடையில் அடிக்கும், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட வாயைத் திறந்தால் தொண்டைக்குள் இறங்கும். கடல் தண்ணீர் வந்து போக வழியில்லாமல் ஏரி வெயிலில் வற்றி வற்றி உப்பேறியது. இறால் ஒழிந்தது, மீன் செத்து மிதந்தது. அப்பாவை நாங்கள் "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். அந்த நைனா வலையை மடித்துக் கூரையில் சொருகிவிட்டு, பகலெல்லாம் கரையில் குந்தி, தன்னை ஏமாற்றிய ஆளைப் பார்ப்பதுபோல ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல்திட்டில் இருந்தது எங்கள் குப்பம். ஊரே அம்மன் கோயில் ஊர். எங்களைப்போல ஏசுவைக் கும்பிடுகிற வீடுகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். குடிக்க "ஊத்து"த் தண்ணீர்தான். மணலில் ஆளுயரம் தோண்டினால் ஊறும், அதைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். பிறந்ததிலிருந்து அதையே குடித்து வளர்ந்த நாக்கு எங்களுடையது. பொன்னேரி அத்தை வந்து எங்கள் வீட்டுக் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தால், "டவுன் நாக்கு" என்று நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் கேலி செய்வோம். அந்தக் கோடையில் ஊற்று நாளுக்கு நாள் கரித்துக்கொண்டே போனது. எங்கள் நாக்கும் அதன் பின்னாலேயே போனதால் அது எவ்வளவு கரிக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

பிறகு குப்பத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அக்கரையிலிருந்து படகில் பீப்பாய்களில் "நல்ல தண்ணி" வர ஆரம்பித்தது, வீட்டுக்கு ஒரு குடம் வீதம். அதோடு ஒரு நர்சம்மாவும் வந்தார். கொதித்து ஆறிய நல்ல தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் கலந்து பிள்ளைகளுக்கு விடாமல் கொடுக்கவேண்டும் என்று செய்து காட்டினார். "நாக்குல வச்சுப் பாருங்க, கண்ணீரை விடக் கரிக்கக் கூடாது. குடிக்கிற புள்ள பொழச்சுக்கும்" என்றார். சுற்றி நின்ற பெண்கள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மனதில் வாங்கிக்கொண்டது என் அம்மா சலோமி ஒருத்திதான். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கோயிலில் கற்றது அவளுக்கு அவ்வளவுதான் போலிருக்கிறது, கூப்பிட்டால் போகவேண்டும்.

சொம்பும் கரண்டியுமாக அம்மா வீடு வீடாகப் போனாள். மலம் நனைத்த துணிகளை அலசினாள், துவண்டு கிடந்த பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். அவளுக்கும் வயிறு சரியில்லை. ஊட்டிக்கொண்டிருக்கும்போதே எழுந்து சவுக்குத் தோப்புப் பக்கம் ஓடிவிட்டு, சாம்பல் போட்டுக் கை கழுவி, திரும்ப வந்து உட்காருவாள். வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது, அந்தக் கஞ்சியையும் பாதி நாள் அவள் குடித்ததாக எனக்கு நினைவில்லை. கடைசி வீட்டுக் கன்னியம்மாவின் கைக்குழந்தைதான் மோசமாகக் கிடந்தது. அவர்கள் வீட்டு நல்ல தண்ணீர் தீர்ந்துபோனபோது, அம்மா எங்கள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய் அங்கே இறக்கினாள். "அது கைக்கொழந்த. நம்ம புள்ளைங்க ஊத்துத் தண்ணிய கொதிக்க வச்சுக் குடிச்சுக்கும்" என்றாள். நைனா அவளுக்குப் படலைத் திறந்துவிட்டார். அவருக்கும் அது சரி என்றுதான் பட்டிருக்கும்.

அன்று சாயங்காலமே என் தம்பி யோசுவாவுக்குப் போக ஆரம்பித்தது. அவனுக்கு மூன்று வயது முடியவில்லை. அம்மா பதறவில்லை, ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தேற்றிய கை. ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, எல்லாருக்கும் போட்ட அதே அளவு உப்பையும் சர்க்கரையையும் போட்டாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். எனக்கும் ஒரு கரண்டி கொடுத்தாள், எனக்கும் சரியாகத்தான் இருந்தது. தம்பி ஆவலாகக் குடித்தான். குடித்து முடித்ததும் "தண்ணி, தண்ணி" என்று இன்னும் கேட்டான். கேட்கக் கேட்க அம்மாவின் முகம் தெளிந்தது. "பாரு, எப்படிக் குடிக்கிறான்! பொழச்சுப்பான்" என்று ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே ஊட்டினாள். மறுநாள் உச்சிப்பொழுது வரை அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், அவளும் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவனுக்குக் கண் சொருகி, கை கால் வெட்டி இழுத்தது.

படகில் ஏறினோம். ஏரியில் படகு மிதக்கத் தண்ணீர் இல்லை. பாதி வழியில் சேற்றில் தட்டி நின்றதும் நைனா இறங்கித் தள்ளினார், பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு அம்மாவும் இறங்கினாள். முழங்கால் புதையும் சேற்றில் இரண்டு பேரும் "ஏசுவே, ஏசுவே" என்று சொல்லிச் சொல்லித் தள்ளினார்கள். படகு நகர்ந்ததைவிட அவர்கள் சறுக்கி விழுந்ததுதான் அதிகம். கரையேறி ஆட்டோ பிடித்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது.

டாக்டர் இளவயதுப் பெண். என்ன கொடுத்தீர்கள் என்று அவர் கேட்டதும், அத்தனை சேற்றிலும் கைவிடாமல் கொண்டுவந்த சொம்பை அம்மா ஒருவிதப் பெருமையோடு நீட்டினாள். அதில் இன்னும் பாதி இருந்தது. டாக்டர் ஒரு சொட்டை நாக்கில் வைத்ததும் துப்பிவிட்டார். அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "எந்தத் தண்ணிலம்மா கலக்குனீங்க?" என்றார். திட்டவில்லை. அந்தத் தண்ணீரிலேயே அளவுக்கு மேல் உப்பு இருந்திருக்கிறது, அதன்மேல் இன்னும் உப்பைப் போட்டதால் பிள்ளையின் உடம்பு தாங்கவில்லை என்று மெதுவாகத்தான் சொன்னார். அம்மா அந்தச் சொம்பை வாங்கி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். "எனக்குக் கரிக்கலியே டாக்டரம்மா" என்றாள். அந்தக் குரலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தம்பி போய்விட்டான்.

அடக்கம் முடிந்து வந்தோம். அம்மா ஜெபம் பண்ணவில்லை, அழக்கூட இல்லை. கன்னியம்மா பிழைத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, உள்ளே வரப் பயந்து வாசல் மணலிலேயே உட்கார்ந்திருந்தாள். "யக்கா, உன் தண்ணியக் குடிச்சுதான் இது கண்ணு முழிச்சுது. நான் இன்னா சொல்றதுனே தெரில யக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. குழந்தையை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெயில்ல வச்சுக்கினு இருக்காத, வூட்டுக்குப் போ" என்றாள்.

அடுத்த தண்ணீர்ப் படகு வந்த அன்று காலையில், வேறொரு வீட்டுப் பெண் எங்கள் படல் ஓரம் வந்து ஒன்றும் கேட்காமல் நின்றாள். அவள் வீட்டிலும் ஒரு பிள்ளை படுத்துவிட்டது. அம்மா எழுந்து சொம்பைத் தேடினாள். அதுவரை அடக்கிவைத்திருந்த நைனா அன்றைக்குத்தான் வெடித்தார். "போவாத சலோமி. ஆண்டவருக்கு நம்ம குடுத்தது போதும்."

"ஆண்டவருக்காகப் போவல. அந்தப் புள்ளைக்குத் தாகமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா நடந்தாள். இந்த முறை தன் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்த படகுக்காரர் அக்கரை ஆள். அவரிடம் சொம்பை நீட்டி, கரிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போனாள்.

இதெல்லாம் தெரிந்தவர்கள் பிறகு அம்மாவைப் பிரசங்கத்தில் உதாரணம் காட்ட ஆரம்பித்தார்கள். தன் பிள்ளையை இழந்தும் ஊழியத்தை விடாத சகோதரி என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடவுளோடு எனக்கு அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேச்சில்லை, அம்மாவுக்குத் துணையாகத்தான் கோயிலுக்குப் போகிறேன். அவளும் அதன்பிறகு கோயிலில் வாய் திறந்து பாடியதில்லை. போகாமலும் இருந்ததில்லை.

நான் இப்போது பொன்னேரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். நைனா இல்லை. குப்பத்தில் வாசலுக்கு வாசல் தண்ணீர் கேன் நிற்கிறது; ஊற்று இருந்த மேட்டைக் கடல் கரைத்துக்கொண்டு போய்விட்டது, அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல என் நாக்கிலும் அந்த ருசி இல்லை. பெரிய வெள்ளியன்று மட்டும் தவறாமல் ஊருக்குப் போவேன். சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஆளுக்கு ஒன்றாகப் பேசுவார்கள். அவர் தாகத்தைச் சொல்லும் ஐந்தாம் வார்த்தை வந்தால் அம்மா எழுந்து வெளியே போய்விடுவாள், அது முடிந்த பிறகுதான் உள்ளே வருவாள். இந்த வருஷம் வந்த புதுப் போதகர் ஐயருக்கு இது தெரியாது. ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்த அம்மா என்று யாரோ சொல்லக் கேட்டு, அந்த ஐந்தாம் வார்த்தையை அவளையே பேசச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்.

அம்மா எழுந்தாள். வெளியே போகப்போகிறாள் என்று நினைத்தேன். முன்னால் போய் நின்று, மைக்கைக் கையில் வாங்காமல் பேசினாள்.

"தாகமா கீதுன்னு அவரு கேட்டாரு. புளிச்ச காடியக் குடுத்தாங்க. நானும் என் புள்ளைக்கு அதத்தான் குடுத்தேன்."

அவ்வளவுதான். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஐயர் ஆறாம் வார்த்தைக்குப் பக்கத்தைத் திருப்பினார். ஆராதனை முடிந்ததும் அம்மா எப்போதும்போல கோயில் வாசலில் நின்று எல்லாருக்கும் பெரிய வெள்ளிக் கஞ்சி ஊற்றினாள்.