அமிர்தம் கேட்ட வெள்ளைச் சாமந்தி

கச்சிராயபாளையத்து அமிர்தம் முன்கோபக்காரி. கரும்புக் கொல்லையைப் புருஷனிடம் விட்டுவிட்டு, சீனாவில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தாள். முதல் வாரமே சாமி படத்துக்கு வெள்ளைச் சாமந்தி எடுத்தாள். பூக்கடைக்காரி செல்போனில் தமிழாக்கிக் கேட்டாள்: "உங்கள் வீட்டில் யார் இறந்தது?" அங்கே அது சாவுக்கு வைக்கிற பூவாம்.

"இன்னா பேச்சு பேசுறா பாரு!" என்று பூவை வீசிவிட்டாள். அப்புறம் ரோஜாதான் வாங்கினாள்.

மார்கழியில் ஊரில் புருஷன் மாரடைப்பில் செத்துப்போனார். அடக்கத்துக்குள் போய்ச்சேர விமானம் இல்லை. முகத்தை வீடியோவில்தான் பார்த்தாள். அவர் படத்துக்குப் போட, அதே கடையில் வெள்ளைச் சாமந்தியைக் காட்டினாள்.

கடைக்காரி பதறிப்போய் அதை ஒளித்துவிட்டு, சிவப்பு ரோஜாவைக் கையில் திணித்துச் சிரித்தாள்.

அமிர்தம் தமிழிலேயே கத்தினாள்: "இப்ப கேளுடி! யாரு செத்தாங்கன்னு இப்ப கேளு!"