கைசரை மஸ்கட்டுக்குக் கொண்டுபோவதா: கொல்லயிலில் இருந்து வெள்ளறடைக்கு ஒரு நாள்

நாங்கள் மஸ்கட்டுக்குப் போகிறோம் என்று தெரிந்ததிலிருந்து அம்மாவிடம் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: பட்டியை என்ன செய்யப் போறீங்க? எங்கள் பக்கத்தில் பட்டி என்றால் நாய். சிலர் சும்மா கேட்கிறார்கள். சிலர் வீட்டில் நாயோ பூனையோ வைத்துக்கொண்டு விசாவுக்குக் காத்திருப்பவர்கள். அவர்களுக்கு உண்மையாகவே தெரிய வேண்டும். என்னிடம் நேரில் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. எழுத வரும். அதனால் அந்த ஒருநாள் பயணத்தை எழுதுகிறேன்.

அப்பா மஸ்கட்டில் ஒரு மீன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். இந்த வருடம், தொண்ணூற்றேழில்தான், குடும்ப விசா கிடைத்தது. ஜூன் கடைசியில் திருவனந்தபுரத்தில் இருந்து விமானம். கைசர் எங்கள் நாய். செம்பழுப்பு நிற நாட்டு நாய், ஆறு வயது. இரண்டு வருடமாக வலிப்பு உண்டு. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி நான் ஒன்பதாம் வகுப்போடு வீட்டில் நின்றதும் அந்தச் சமயம்தான். அம்மாவுக்குச் சரியான பிறகும் திரும்பப் போகக் கூச்சமாக இருந்தது, போகவில்லை. அதனால் அவனுக்கு வலிப்பு வந்தபோதெல்லாம் பக்கத்தில் இருந்தது நான்தான். தலை தரையில் மோதாமல் ஒரு பழைய பச்சைத் துண்டை மடித்து வைப்பேன். பிறகு "அருள் நிறைந்த மரியே" சொல்லத் தொடங்குவேன். முதலில் பயத்தில் சொன்னது. போகப்போக அதுவே எனக்குக் கடிகாரம் ஆகிவிட்டது. வழக்கமாக ஐந்து சொல்லி முடிக்கும்போது வலிப்பு நிற்கும். ஏழைத் தாண்டினால்தான் பயப்படுவேன்.

ஏப்ரலில் இருந்து அவனால் நேராக நடக்க முடியவில்லை. கள்ளுக்கடையில் இருந்து வருகிறவன் மாதிரி பின்னங்கால் ஒரு பக்கம் போகும். சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்குவான். அப்பா வெள்ளிக்கிழமை ஃபோன் பூத்துக்குக் கூப்பிட்டபோது அம்மா இதைச் சொன்னாள். அப்பா என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"நீயாக்கும் நாள் முழுக்க அவன்கூட இருக்கது. கொண்டு வரணுமா விடணுமாண்ணு நீயே தீருமானி மக்கா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

விட வேண்டுமானால் வெள்ளறடையில் லில்லி மாமி இருக்கிறார், அப்பாவின் அக்கா. கொண்டுபோக வேண்டுமானால் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே ஒரே நாளில் நெய்யாற்றின்கரை மிருக ஆஸ்பத்திரி, அங்கிருந்து வெள்ளறடை, மாலையில் அவனோடு வீடு என்று திட்டம் போட்டோம். இந்தத் தூரத்தை எப்படித் தாங்குகிறான் என்று பார்த்தால் விமானத்தைப் பற்றியும் தெரியும் என்று நினைத்தேன்.

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறரைக்கு நானும் அம்மாவும் கைசரும் கொல்லயிலில் எங்கள் வீட்டில் இருந்து கிளம்பினோம். பாறசாலையில் இருந்து ரயிலில் போகலாம்தான். ஆனால் நாயைக் கார்டு பெட்டியில் தனியாக ஏற்ற வேண்டும் என்றார்கள். அதனால் பக்கத்து வீட்டு வின்சென்ட் அண்ணனின் ஆட்டோ. நெய்யாற்றின்கரை வரை பத்துக் கிலோமீட்டருக்குள்தான் வரும், எழுபது ரூபாய். வழியில் வாந்தி எடுக்காமல் இருக்க, கைசருக்கு முந்தின இரவோடு சாப்பாட்டை நிறுத்தியிருந்தேன். சாக்கை நனைத்துக் கீழே விரித்துப் படுக்கவைத்தேன்.

"சர்த்திச்சான்னா வண்டி கழுவக் காசு தனியாக்கும்," என்றார் வின்சென்ட் அண்ணன்.

"உன் வண்டியில ஏறுனா மனுசனே சர்த்திப்பான். பட்டியக் குத்தம் சொல்லாத," என்றாள் அம்மா.

உதியன்குளங்கரையில் பெரிய ரோட்டில் ஏறியதும் லாரி ஹாரன். ஒவ்வொரு ஹாரனுக்கும் அவன் காது நடுங்கியது. அமரவிளை செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நின்றதால் பத்து நிமிடம் ஊர்ந்தோம். ஆற்றுப் பாலம் தாண்டியதும் காற்று வந்தது, என் கால்மேல் தலையை வைத்துக்கொண்டான். ஏழேகாலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம்.

டாக்டர் எட்டு மணிக்குத்தான் வருவார், ஆனால் ஏழரைக்கே ஆட்களும் ஆடுகளும் வந்துவிடும். முன்னால் போனது நல்லதாயிற்று. எங்களுக்கு நான்காவது இடம்.

டாக்டர் வயதானவர். மலையாளத்தில்தான் தொடங்கினார். வலிப்பு வந்தால் எத்ற நேரம் நிக்கும், அதாவது எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "அஞ்சு அருள் நிறைந்த மரியே," என்றேன். பின்னால் ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சொல்லு. எப்பவும் சொல்லுறது மாதிரி."

அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கைசரின் முதுகில் கை வைத்துக்கொண்டு, அவனைப் பார்த்தே ஐந்தும் சொல்லி முடித்தேன். "ஒண்ணரை மினிட்டு," என்று டாக்டர் சீட்டில் எழுதினார். பிறகு என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா பையில் இருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்தாள்.

இங்கே எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கேரள, தமிழ்நாட்டு எல்லையில் இருப்பவர்கள் ஒரு டாக்டரோடு நிற்க மாட்டோம். காய்ச்சல் என்றால் பாறசாலையில் ஒருவரைக் காட்டுவோம், களியக்காவிளைக்குப் போய்த் தமிழ்நாட்டு டாக்டரையும் பார்ப்போம். இரண்டு பக்கத்து மருந்தும் உள்ளே போனால்தான் மனசு ஆறும். ஒருவரிடம் போனதை மற்றவரிடம் சொல்ல மாட்டோம், அவர் கோபித்துக்கொள்வார். கைசருக்கும் அப்படித்தான் செய்திருந்தோம். களியக்காவிளை மாத்திரை முதலில் இருந்தே உண்டு. ஏப்ரலில் பாறசாலை மாத்திரையையும் சேர்த்தோம்.

டாக்டர் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தட்டினார். "ரெண்டும் ஒரே மருந்து. கம்பெனி வேற, பேரு வேற. நீங்க இரட்டி கொடுத்து இவனை உறக்கிட்டிருக்கீங்க."

அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. எனக்கு, உண்மையைச் சொன்னால், சந்தோஷம்தான் வந்தது. அவன் கால் கெட்டுப் போகவில்லை. திடீரென்று நிறுத்தக் கூடாது, வாரா வாரம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், ஒரு மாதத்தில் நேராக நடப்பான் என்றார் டாக்டர். நேராக நடந்தால் விமானத்தில் ஏற்றலாமா என்று நான் கேட்டேன். அன்று நானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"ஏத்தலாம். ஆனா உன் மடியில இல்ல, கீழ சாமானோட, கூட்டுக்குள்ள. நாலு மணிக்கூர். அங்க வலிப்பு வந்தா யாரு பக்கத்துல உண்டு?" பிறகு அட்டையைத் தூக்கிக் காட்டினார். "இந்த மருந்தை அந்த நாட்டுக்குள்ள சும்மா கொண்டு போகக்கூடாது. முன்னாலயே அனுமதி கேக்கணும். கிட்டுமாண்ணு எனக்குத் தெரியாது."

வெளியே வந்து இட்டிலி சாப்பிட்டோம். நாலு மணி நேரத்தில் எத்தனை அருள் நிறைந்த மரியே என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

ஒன்பதரைக்கு வெள்ளறடை பஸ். கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர், ஒரு மணி நேரம், ஆளுக்கு ஆறு ரூபாய். முதல் பஸ்ஸில் நாயை ஏற்றவில்லை, இரண்டாவதில்தான் ஏறினோம். கண்டக்டர் அவனுக்குச் சுமைக்கூலி டிக்கட் ஒன்று கிழித்து, அதைக் கைசரின் கழுத்துக் கயிற்றில் செருகினார். "செக்கிங் வந்தா அவனே காட்டட்டு," என்றார். கடைசி சீட்டு கிடைத்தது. அங்கே ஆட்டம் அதிகம், ஆனால் யாரும் காலை மிதிக்க மாட்டார்கள்.

நாங்கள் ஏறிய பஸ் எங்கள் ஊர்ப்பக்கமாக, தனுவச்சபுரம் வழியாகத்தான் போனது. எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வளைவு வந்ததும் கைசர் தள்ளாடிக்கொண்டு எழுந்து நின்றான். இறங்க வேண்டும் என்று நினைத்திருப்பான். பஸ் எடுத்துவிட்டது. காரக்கோணம் தாண்டும் வரை உட்காரவில்லை. அதன் பிறகு ரப்பர் மரங்கள் தொடங்கிவிடும், ரோடும் ஏறி இறங்கும்.

வெள்ளறடையில் இறங்கி மாமி வீட்டுக்குப் பத்து நிமிட நடை. பாதி தூரம் அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வீட்டைச் சுற்றி ரப்பரும், மரச்சீனி என்கிற மரவள்ளியும், வண்டிச் சத்தம் கிடையாது. லில்லி மாமிக்குப் பன்னிரண்டு கோழிகள். கோழியைப் பிடிப்பானோ என்று அம்மா கேட்டாள்.

"இந்த ஆட்டம் ஆடுறவனா கோழியப் பிடிக்கப் போறான்? கோழி இவனப் பிடிக்காம இருந்தா போதும்," என்றார் மாமி.

தண்ணீர் வைத்தோம். குடிக்கக் குனிந்தவன் அப்படியே பக்கவாட்டில் விழுந்தான். காலெல்லாம் விறைத்துவிட்டது. நான் துண்டை மடித்துத் தலைக்குக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினேன். மாமியும் பக்கத்தில் முட்டுப்போட்டு என்கூடச் சேர்ந்துகொண்டார். மாமிதான் அந்தப் பகுதியில் வீடுவீடாக ஜெபமாலை நடத்துகிறவர். அவர் வேகத்துக்கு யாரும் ஈடுகொடுக்க முடியாது. நான் ஐந்தாவதை முடித்தபோது அவன் கால் தளர்ந்தது. மாமி அதற்குள் ஏழு முடித்திருந்தார்.

விழித்தவனுக்குக் கொஞ்ச நேரம் யாரையும் தெரியவில்லை. எப்போதும் அப்படித்தான். என்னையும் மாமியையும் ஒரே மாதிரி பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

மதியம் மாமி மரச்சீனியும் சாளை மீன் கறியும் வைத்தார். அன்று முதல் களியக்காவிளை மாத்திரை முழுதும், பாறசாலை மாத்திரை முக்காலும் என்று டாக்டர் எழுதியிருந்தார். பிசைந்த மரச்சீனிக்குள் மாத்திரையை வைத்து உருட்டினேன். கொடுக்கப் போகும்போது ஏதோ தோன்றி மாமியிடம் நீட்டினேன். மாமி கையில் இருந்து வாங்கித் தின்றான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா கிளம்பத் தயாரானாள். நான் எழுந்திருக்கவில்லை. ஓர் ஆட்டோவும் ஒரு பஸ்ஸும் போதும், அவன் விழுந்துவிட்டான். அதுவும் என் கை அவன்மேல் இருந்த நாளில். மஸ்கட்டுக்கு அவன் வரமாட்டான் என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு மேலும் ஒன்று இருந்தது. இப்போது வீட்டுக்குக் கொண்டுபோனால் ஜூனில் திரும்பக் கொண்டுவர வேண்டும். இன்னும் இரண்டு பயணம், யாருக்காக?

"இவன் இப்பமே இங்க நிக்கட்டு," என்றேன்.

"இன்னும் நாள் உண்டே மக்கா," என்றாள் அம்மா. "ஒரு மாசம் நம்மகூட இருக்கட்டுமே."

"நாள் நமக்குத்தான் உண்டு. வண்டியில ஆடுகது அவனாக்கும்."

அம்மா பையைக் கீழே வைத்தாள். மாமிதான் கேட்டார், "வலிப்பு வந்தா நான் என்ன செய்யணும், சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தேன். வாய்க்குள் கைவிடக் கூடாது. பிடித்து அமுக்கக் கூடாது. துண்டு தலைக்குக் கீழே. நான் ஏழுக்குப் பயப்பட வேண்டும் என்றால் மாமி பத்துக்குப் பயப்பட வேண்டும். பத்து தாண்டினால் டாக்டரிடம் ஆள் அனுப்ப வேண்டும். பச்சைத் துண்டை மாமி கையில் கொடுத்தேன். நாங்கள் கிளம்பும்போது அவன் படுத்திருந்தான். கூப்பிடவில்லை.

மூன்றரை பஸ். காலையில் வந்த அதே கண்டக்டர். எங்களைப் பார்த்ததும் சீட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தார். "பட்டிக்கு டிக்கட் வேண்டாமா?" என்றார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வேண்டாம். தனுவச்சபுரம் ரெண்டு," என்றேன்.

இனி, இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு. இரண்டு டாக்டரைப் பார்த்திருந்தால் இரண்டு அட்டைகளையும் ஒரே மேசையில் வையுங்கள், வெட்கப்படாதீர்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். போகிற நாட்டில் அந்த மருந்துக்கு அனுமதி உண்டா என்பதை டிக்கட் எடுக்கும் முன்னாலேயே கேளுங்கள். பிராணியைப் பஸ்ஸில் கொண்டுபோனால் செவ்வாய், புதன் போல ஆள் குறைந்த நாளாகப் பாருங்கள், ஒரு பஸ் விட்டாலும் பரவாயில்லை என்று நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும், தாங்குமா தாங்காதா என்றுதான் கேட்கிறார்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு போனேன். தாங்காமல் போகும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று முதலில் கேட்டிருந்தால் பாதி யோசனை மிச்சமாகியிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமி பூத்துக்கு ஃபோன் செய்தார். கைசர் இப்போது நேராக நடக்கிறானாம், ஒரு கோழியைப் பிடித்துவிட்டானாம். அதைப் பற்றியே நிறைய நேரம் திட்டினார். பிறகு, வியாழக்கிழமை ஒரு தடவை விழுந்தான் என்றார். எத்தனை என்று கேட்டேன்.

"ஏழு," என்றார் மாமி.

மாமிக்கு ஏழு என்றால் எனக்கு ஐந்து. அது அவனுக்கு வழக்கமானதுதான்.