பின்சுவரில் ஒரு ஜன்னல்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பத்து வருடம் ஊர் ஊராய்த் திரிந்துவிட்டுத் தெரணியகலைத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியபோது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஜன்னலில்லாத எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அடுப்புப் புகைக்குள் அம்மா மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் லயத்துச் சுவரில் கைவைக்கக் கூடாது. கேட்டால் வருடக்கணக்கில் இழுப்பார்கள். அன்றே பின்சுவரை உடைத்துப் பழைய ஜன்னல் ஒன்றைப் பொருத்தினேன்.

மறுநாள் தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னத் துரை வந்து கத்தினார்.

"யாரக் கேட்டு ஒடச்ச? இன்னைக்கே அடச்சிரு!"

"ஒரு வேளச் சோறு ஆக்குற வரைக்கும் உள்ள ஒக்காருங்க தொரை. அப்புறமும் அடைக்கச் சொன்னா அடைக்கிறேன்."

அவர் உள்ளே வரவில்லை. "ஆள் அனுப்பி அடைப்பேன்" என்றார்.

"அனுப்புங்க. மறுபடியும் ஒடைப்பேன்."

அவர் போனதும் அம்மா என்னைத் திட்டித் தீர்த்தார். திட்டிக்கொண்டே அடுப்புக் கற்களை ஜன்னலுக்கு நேராக நகர்த்தினார்.