சேலை போர்த்திய டிவி

1. பாலத்தின் மேல்

வேன் அரியாங்குப்பம் பாலத்தில் ஏறும்போதே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முன் சீட்டில் மதர் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் பிரான்ஸிலிருந்து வந்த மதாம் ஒதில், மடியில் தண்ணீர் பாட்டிலோடு. "வெயில் அழகாக இருக்கிறது" என்று பிரெஞ்சில் சொன்னார். சித்திரை வெயில் அழகாம். நானும் தலையாட்டினேன்.

புதுச்சேரி டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு தொண்டு நிறுவனத்தில் விசிட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஏழை வீடுகளுக்குப் போய் விசாரிப்பது, படிக்கிற பிள்ளையை அடையாளம் காட்டுவது, அப்புறம் அந்தப் பிள்ளை படிப்பை விடாமல் பார்த்துக்கொள்வது, இதுதான் வேலை. செலவை ஏற்க பிரான்ஸில் ஒருவரை எங்கள் நிறுவனத் தலைவியான மதர் தேடித் தருவார். ஆணென்றால் பரேன், பெண்ணென்றால் மரேன். கோயிலில் ஞானப் பெற்றோரைச் சொல்லும் வார்த்தை அது. ஆனால் எங்கள் உதவி வாங்கிய வீடுகளில் பாதிக்கு மேல் இந்து வீடுகள். அவர்களும் "எங்க மரேன் வராங்க" என்று சொந்தக்காரரைச் சொல்வதுபோலச் சொல்வார்கள்.

பரேனோ மரேனோ இந்தியாவுக்கு வந்தால் பிள்ளையின் வீட்டைப் பார்க்காமல் போகமாட்டார்கள். அன்று நாங்கள் போனது அஞ்சலை வீட்டுக்கு. அஞ்சலையின் புருஷன் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். அஞ்சலை சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகள் கல்பனாவின் படிப்பை மதாம் ஒதில் ஏற்றுக்கொண்டார். கல்பனா பள்ளிக்கூடம் முடித்து நர்சிங் சேர்ந்தாள். இன்னும் கடைசி வருஷம் பாக்கி. அந்த ஃபீஸ் வராவிட்டால் அதுவரை படித்தது அத்தனையும் வீண்.

2. மாமன் பைக்

என் பயத்துக்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தின வருஷம் வைத்திக்குப்பத்தில் ஒரு பாலிடெக்னிக் பையன் வீட்டுக்கு அவனுடைய பரேன் வந்தார். வாசலில் புது பைக் நின்றது. பையனின் தாய்மாமன் மீன் குழம்பு சாப்பிட வந்த பைக் அது. பரேன் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் குழம்பு சாப்பிட்டார், பையனைத் தட்டிக்கொடுத்தார், சிரித்தபடியே ஊருக்குப் போனார். போனதும் உதவியை நிறுத்திவிட்டார்.

மதரிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"அவங்க காசு, அவங்க இஷ்டம் ரெஜினா. நான் இன்னா கழுத்துலயா கத்தி வைக்க முடியும்?" என்றார். பையன் ஐஸ் ஃபேக்டரியில் பாளம் தூக்கப் போனான்.

இந்தச் செய்தி எங்கள் வீடுகளுக்கெல்லாம் பரவிவிட்டது. அதிலிருந்து வெள்ளைக்காரர் வருகிறார் என்றால் வீட்டைக் கூட்டிப் பெருக்குவதற்குப் பதிலாகக் காலி செய்ய ஆரம்பித்தார்கள். மிக்ஸி பக்கத்து வீட்டுக்குப் போகும். டிவி மேல் சேலை ஏறும். நல்ல பாய் பரண் மேல் ஏறும். முருகன் படத்துக்குப் பக்கத்தில் திடீரென்று வேளாங்கண்ணி மாதா தொங்குவார். மாதா படம் மாட்டச் சொல்லி எங்கள் ஆபீஸில் யாரும் கேட்டதில்லை. மதர் அதைப் பார்த்தால் வெளியே வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

3. ஆட்டுக் கொட்டகை

முந்தின நாளே அஞ்சலையைப் போய்ப் பார்த்திருந்தேன். அவள் சித்தாள் வேலையை விட்டு இட்லி மாவு வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். அந்த வருமானத்தில் ஒரு ரூம் கட்டியிருந்தாள், நீலக் கதவு போட்டு. மாவு புளிக்காமலிருக்க ஃபிரிட்ஜ்.

"ரெஜினாம்மா, ஃபிரிட்ஜு இருந்தா பரவால்லையா?"

"யாவாரத்துக்குத்தானே வெச்சிருக்க. இருந்துட்டுப் போவுது."

"அந்தப் பையன் வூட்ல பைக்கு கூட மாமன்துதாம்மா" என்றாள்.

வேன் நின்றபோது நீலக் கதவு பூட்டியிருந்தது. அஞ்சலை அடுத்த வீட்டுக்காரர் ஆடு கட்டுகிற கீற்றுக் கொட்டகைக்கு முன்னால் நின்றாள். அவள் உடம்பில் நான் ஒருநாளும் பார்த்திராத கிழிந்த சேலை. உள்ளே ஆணியில் மாதா படம்.

"வாங்க மதாம். இதான் எங்க வூடு."

நான் மதரைப் பார்த்தேன். மதர் அந்தத் தெருவுக்கு வந்ததில்லை, அவருக்குத் தெரியாது. மதாம் குனிந்து உள்ளே போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்டு மூத்திர வாடை குப்பென்று அடித்தது. சுற்றிப் பார்த்துவிட்டு, "கல்பனா எங்கே உட்கார்ந்து படிப்பாள்?" என்று கேட்டார்.

அஞ்சலையிடம் தமிழில் சொன்னேன்.

"அதோ, அந்த மூலையிலதான்." அவள் காட்டிய மூலையில் புழுக்கை குவிந்து கிடந்தது.

இதை நான் பிரெஞ்சில் சொன்னால் பொய் எனக்கும் சொந்தமாகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் கடைசி வருஷம் போகும். வாயைத் திறந்தேன், மூடினேன்.

அப்போதுதான் கல்பனா தெருமுனையில் வந்தாள். ஹாஸ்டலிலிருந்து பஸ் பிடித்து, வெள்ளை யூனிபார்மோடு நேராக வந்திருந்தாள். அம்மா செய்த ஏற்பாடு எதுவும் அவளுக்குத் தெரியாது. வேனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போய்ப் பையிலிருந்து சாவியை எடுத்து நீலக் கதவைத் திறந்தாள். பிறகு திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"ம்மா, அங்க இன்னா பண்ற? மதாம போயி ஆட்டுக் கொட்டாய்ல ஒக்கார வெச்சிகினு இருக்க? உள்ள கூப்டு!"

அஞ்சலையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மதர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லிடு ரெஜினா" என்றார். இது அவர்கள் வீடு இல்லை, அதுதான் வீடு என்று மதாமிடம் சொன்னேன்.

உள்ளே ஃபிரிட்ஜ் இருந்தது. மூலையில் சேலை போர்த்திய ஒன்று நின்றது. கல்பனா அவள் பாட்டுக்குச் சேலையை உருவினாள். டிவி. அஞ்சலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"படிப்ப நிறுத்திடாதீங்கம்மா. இத வேணா வித்துடறேன். ரெண்டையும் வித்துடறேன்."

நான் மொழிபெயர்த்தேன். கல்பனாவுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. கண் கலங்கிவிட்டது. ஆனால் தெளிவாகப் பேசினாள்.

"மேடம், இவங்ககிட்ட சொல்லுங்க. எங்க அம்மா என் ஃபீஸுக்கு அலையாததாலதான் இந்த ரூமு வந்திச்சு. இதுலாம் இவங்க குடுத்ததுதான்னு சொல்லுங்க."

சொன்னேன். மதாம் எந்த வீட்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காதவர். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஃபிரிட்ஜைக் காட்டித் தண்ணீர் கேட்டார். அஞ்சலை ஊற்றும்போது பாதி கீழே சிந்தியது. மீதியைக் குடித்தார். கல்பனாவின் கன்னத்தைத் தொட்டார். ஃபீஸ் பற்றி ஒன்றும் சொல்லாமல் வேனில் ஏறினார்.

தண்ணீர் குடித்தாரே என்று நான் நிம்மதிப்படவில்லை. அந்தப் பரேனும் குழம்பு சாப்பிட்டவர்தானே.

4. ஒரு கேள்வி

அதற்கப்புறம் ஆபீஸில் போன் அடித்தாலே எனக்குத் தூக்கிவாரிப் போடும். அஞ்சலை மாவு விற்று முடித்து கேட் வரைக்கும் வந்து நிற்பாள், உள்ளே வரமாட்டாள். இன்னும் இல்லை என்று நான் தலையை ஆட்டினால் திரும்பிப் போய்விடுவாள். காலேஜ் திறக்கும் நாள் நெருங்க நெருங்க அவளைப் பார்க்கவே பயந்து நான் பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தேன்.

ஒருநாள் மதர் கூப்பிட்டார். அவர் முகம் சரியாக இல்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"மதாம் பேசினாங்க. ஃபீஸு வருது."

அஞ்சலையிடம் சொல்ல நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

"ஆனா ஒண்ணு கேட்டாங்க ரெஜினா. அந்தம்மா என்னப் பாத்து ஏன் அப்படிப் பயந்தாங்க, நான் இன்னா பண்ணேன்னு. எனக்குப் பதில் சொல்ல வரல."

அந்தக் கேள்விதான் மதரை மாற்றியது. வீட்டில் சாமான் இருக்கிறது என்பதற்காக எந்தப் பிள்ளையின் படிப்பையும் பாதியில் நிறுத்தக்கூடாது, அப்படி யாராவது நிறுத்தினால் அந்தப் பிள்ளைக்கு நிறுவனமே பணம் கட்டும் என்று முடிவு செய்தார். வீடு வீடாகப் போய் நான்தான் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. டிவி மேல் சேலை அப்படியேதான் கிடந்தது.

5. புது மரேன்

சில வருஷம் கழித்து ஆபீஸுக்கு ஒரு நர்ஸ் வந்தாள். கல்பனாதான். வேலை கிடைத்து லாஸ்பேட்டையில் அம்மாவோடு குடியிருந்தாள்.

"நானும் ஒரு புள்ளைக்கு மரேனா இருக்கணும் மேடம். முடியுமா?"

வைத்திக்குப்பத்தில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனேன். எட்டாவது படிக்கிற பெண், அவளுடைய அம்மா, இரண்டே பேர். அந்த அம்மா எங்களுக்கு ஸ்டூலைப் போட்டுவிட்டு உட்காராமல் நின்றாள். மூலையில் சேலை போர்த்திய ஏதோ ஒன்று. அவள் கண் அதையும் கல்பனாவின் கைப்பையையும் மாறி மாறிப் பார்த்தது. அஞ்சலை முகத்தில் நான் பார்த்த அதே பயம். இப்போது கல்பனாவைப் பார்த்து.

கல்பனாவுக்கும் அது தெரிந்தது. ஸ்டூலை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள்.

"அது டிவியாக்கா, கிரைண்டரா?"

"அய்யோ, இல்லம்மா. பழந்துணி."

"எங்க அம்மா சொந்த வூட்டப் பூட்டிட்டு ஆட்டுக் கொட்டாய்ல நின்னாங்கக்கா. எனக்காவ."

அந்த அம்மா என்னைப் பார்த்தாள், நிஜமா என்று கேட்பதுபோல. நான் தலையாட்டினேன். அவளே போய்ச் சேலையை எடுத்தாள். தையல் மெஷின். யாரோ வீட்டுப் பிள்ளையின் பாவாடை பாதி தைத்தபடி ஊசியில் நின்றது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு வீட்டில் என்ன இல்லை என்று கேட்காதீர்கள், அது கண்ணுக்கே தெரியும். போன தடவைக்கு அப்புறம் என்ன வாங்கினீர்கள் என்று கேளுங்கள், சிரித்த முகத்தோடு கேளுங்கள். அப்படிக் கேட்டும் நம்பமாட்டார்கள். நம்புகிற வரைக்கும் போய்க்கொண்டே இருங்கள்.