அப்பாருவின் இடது புருவம்

இன்று காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி தானாக ஒரு படத்தை எடுத்து நீட்டியது. ‘மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே நாளில்’ என்றது. தோளில் வெள்ளைத் துண்டு, படிய வாரிய நரைமுடி, சாந்தமான முகம். என் அப்பாரு. அப்பாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வாயிலிருந்த நுரை கசந்தது. அப்படி ஒரு முகம் உலகத்தில் இருந்ததே இல்லை.

அப்போது நான் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு டிசைன் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த புதிது. குடும்பக் கதையை ஒட்டிவைக்கிறேன் என்று செவ்வாய்ப்பேட்டையில் தடியாக ஒரு நோட்டும் இரண்டு புட்டி பசையும் வாங்கினேன். அந்தப் பசை வாசனை இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது என்று சத்தியம் செய்வேன். அப்பாவின் பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை என்று பக்கங்கள் நிறைந்தன. முதல் பக்கம் மட்டும் காலி. அப்பாருவுக்குப் போட்டோவே கிடையாது. நாற்பது வயதுக்குள் போய்விட்டார். அப்பாவுக்கு அப்போது இரண்டு வயது. முகம் தெரிந்து மிச்சமிருந்தது ஒரே ஆள்தான்: அப்பாவின் அக்கா, என் அத்தை. அவருக்கு அப்போது பன்னிரண்டு.

ஞாயிறுதோறும் பஸ் பிடித்துத் திருச்செங்கோட்டுப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போனேன். வெற்றுப் பக்கத்தில் போட்டோ செருக என்று நான்கு காகித மூலைகளை மட்டும் ஒட்டி, சுற்றிலும் அத்தை சொல்வதை எழுதுவேன்.

“எடது காது கிழிஞ்சிருக்கும் சாமி. கடுக்கன்ல கயிறு சிக்கி, கெடா இழுத்துப்போட்டுது.”

அப்பாரு மேச்சேரிச் சந்தையில் ஆடு வாங்கி விற்றவர். அங்கே விலையை வாயால் பேசமாட்டார்கள். துண்டுக்கு அடியில் இருவரும் கைகோத்து விரலை அழுத்திச் சொல்வார்கள். முகம் கல்லாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சுற்றி நிற்பவனுக்கு விலை தெரிந்துவிடும். அத்தை என் கைமேல் துண்டைப் போட்டு இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினார். அவருடைய இடது புருவம் மட்டும் ஜிவ்வென்று மேலே ஏறியது.

“பாத்தியா? வெல படிஞ்சா எங்கப்பனுக்கு இப்படித்தான் ஏறும். ‘உங்க மொகமே வெலயச் சொல்லிப்போடுதுங்களே’ன்னு எங்கம்மா திட்டும்.”

எழுதிக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காலியான கட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற பிறவியா நான்? ஒரு மதிய இடைவேளையில், டிபன் டப்பாவைக்கூட மூடாமல், அப்பாவின் படத்தையும் அத்தை சொன்னதையும், சொன்னால் படம் செய்து தரும் ஒரு செயலியில் கொட்டினேன். வந்தது அந்த முகம். காது இரண்டும் முழுசு. புருவங்கள் வரப்பு பிடித்த மாதிரி நேர். வாழாத வயதின் நரை வேறு. அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர்கள் குழுவில் போட்டேன். ‘நம்ம அப்பாரு!’ என்று மட்டும் எழுதினேன். நானே செய்தது என்று நாலு எழுத்து சேர்க்கவில்லை.

கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. பிறகு அப்பா அழைத்தார். “எங்கப்பனா? எங்கடா கெடச்சுது?” என்றார். பிறகு மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சுக்கு முன்னால் எனக்கு உண்மை வாயில் வரவில்லை.

இரவு அப்பாவிடம் சொன்னேன். “சரி, இருக்கட்டும் உடு” என்றார். அதற்குள் அத்தை மகன் அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, அத்தை வீட்டில் மாட்டியிருந்தான்.

அதுவரை ஆடி அமாவாசைக்கு விளக்கின் முன் ஒரு புது வேட்டியும் துண்டும் மடித்து வைத்துத்தான் அப்பாருவைக் கும்பிடுவோம். அந்த வருடம் வேட்டி இல்லை, துண்டு இல்லை. படத்துக்கு மாலை. நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு அத்தையிடம் ஓடினேன்.

“அத்தை, இது நானாச் செஞ்ச படமுங்க.”

“உங்கப்பன் சொன்னான். செஞ்சா என்ன சாமி, மொகம் வந்திருச்சில்ல.”

“காது கிழிஞ்சிருக்கும்னு சொன்னீங்களே?”

அத்தை படத்தை நிமிர்ந்து பார்த்தார். “கிழிஞ்சா இருந்துது? நல்லாத்தானே இருக்குது.”

கொடியில் கிடந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டு நீட்டினேன். அத்தை சிரித்துக்கொண்டே உள்ளே கைவிட்டு இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினார். அழுத்தம் அதே அழுத்தம். கண் மட்டும் சுவரில் இருந்தது. புருவம் அசையவில்லை.

அத்தை போய் ஒரு வருடம் ஆகிறது. அவர் படம் அப்பாருவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அது உண்மையான போட்டோ.

கைப்பேசியில் வந்ததை இன்று அழித்துவிட்டேன். என்னிடம் மட்டும்தான் அழிந்தது. நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு மூலைகள் இன்னும் காலியாக இருக்கின்றன. பக்கத்தில் என் கிறுக்கெழுத்தில் ‘இடது புருவம் ஏறும்’. எவ்வளவு ஏறும் என்று எழுதவில்லை. வாய் கொப்பளித்துவிட்டுக் கண்ணாடி முன் முயன்று பார்த்தேன். எனக்கு இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன.