ஒத்தைக் கல்லுக்கு ஏறினவர்

இப்போது கட்டடம் கட்டுகிற இடங்களில் இரும்புக் குழாயால் சாரம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது, நம்ம ஊரெல்லாம் திருவிதாங்கூரோடு இருந்த அந்தக் காலத்தில், சாரம் என்றால் கமுகு மரமும் பனைநாரும்தான். கொத்தனார் உயரத்தில் நின்று வேலை செய்யச் சுவரை ஒட்டி மரம் நட்டு, குறுக்கே மரம் கட்டி, பலகை போடுவார்கள். அதைக் கட்டுவதில் என் அப்பா பேர்பெற்றவர். அப்பா கட்டிய சாரத்தில் நின்று சுவர் எழுப்பியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அப்பா கீழே, மாமா மேலே. நாள் முழுக்க ஒருவரையொருவர் கிண்டலடித்துக்கொண்டேதான் வேலை நடக்கும்.

தோவாளையில் ஒரு பூ வியாபாரி மாடி வீடு கட்டினார். கீழ்வீடு முடிந்து, மாடிச் சுவருக்காக அப்பா சாரத்தை உயர்த்திக் கட்டி முடிக்கவும் ஆடி பிறக்கவும் சரியாக இருந்தது. ஆடியில் மாடிக்கு முதல் கல்லை யார் வைப்பார்கள்? ஆவணியில் நல்ல நேரம் பார்த்துத் தொடங்கலாம் என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சாரம் மட்டும் ஆளில்லாமல் நின்றது. ஆடியில் தோவாளைக் காற்று எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து, கொடியில் காயும் துணியைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும்.

ஆவணியில் நாள் குறித்தார்கள். பாயசம் உண்டு என்று கேள்விப்பட்டு நானும் அப்பாவோடு போனேன். பூ வியாபாரியின் வீடல்லவா, சாரம் முழுக்கப் பிச்சியும் அரளியும் தொங்கின. மாமாவின் கழுத்திலும் ஒரு மாலை.

“எப்படி மக்கா இருக்கேன்? கல்யாண மாப்ள கணக்கா இருக்கா?” என்றார் மாமா.

“அந்த மால எனக்கு வேணும் மாமா.”

“கல்ல வச்சிற்று இறங்கி வாறேன். ஒனக்கே போட்டு விடுகேன்.”

அப்பா சாரத்துக் கால் ஒன்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

“ஏலே, ஏறாத. காத்துல எல்லாம் காஞ்சு கெடக்கு. ஒருக்கா நார நனச்சு முழுசும் இறுக்கிக் கெட்டுகேன்.”

வீட்டுக்காரர் ஜோசியரைப் பார்த்தார். ஜோசியர் முற்றத்து நிழலைப் பார்த்தார். நல்ல நேரம் முடியப் போகிறதாம். வீட்டுக்காரர் கெட்ட மனிதர் இல்லை. ஆடி முழுக்கப் பொறுத்திருந்தவர், அவ்வளவுதான்.

“ஒத்தக் கல்லுதானே? அத வச்சிற்று இறங்கிரட்டும். பொறவு சாயந்தரம் வர நின்னு கெட்டுங்கோ,” என்றார்.

அப்பா மரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. மாமாதான் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: “எங்க அத்தான் கெட்டின சாரம் என்னைக்கு விழுந்திருக்கு? பூப்போல ஏறி பூப்போல இறங்கிர மாட்டனா?”

எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னதும் அப்பா கையை எடுத்துவிட்டார்.

மாமா ஏறினார். சாந்து பரப்பி, பூவும் பொட்டும் வைத்த அந்தச் செங்கல்லை வாங்கி வைத்தார். கீழே பெண்கள் குரவையிட்டார்கள். மாமா கழுத்து மாலையைக் கழற்றி என்னிடம் தூக்கிக் காட்டினார். நான் மாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சாரத்தோடு சாய்ந்தது. குரவை சட்டென்று நின்றது.

மாமாவை வில்வண்டியில் படுக்கவைத்து நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். வண்டி பாதி வழியிலேயே திரும்பி வந்துவிட்டது.

வண்டி போனபோது நான் அங்கேயே நின்றிருந்தேன். சரிந்து கிடந்த மரங்களுக்கு நடுவே மாலையைத் தேடினேன். மாலை கிடைக்கவில்லை. ஒரு நார் வளையம் கிடைத்தது. காப்பு மாதிரி கையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காரியங்கள் முடிந்து, ஊர்க்காரர்கள் எங்கள் முற்றத்தில் கூடியிருந்தார்கள். “நேரங் கணிச்சதுல எங்கயோ பெழ,” என்றார் ஒருவர். “ஆவணி பொறந்தாலும் ஆடிக்க தோஷம் விட்டிருக்காது,” என்றார் இன்னொருவர். எல்லோரும் சேர்ந்து ஜோசியரைத் திட்டினார்கள். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார்.

“இது எங்கலே கெடந்தது?”

“அங்கதான். பாத்தியளா அப்பா, நீங்க போட்ட முடிச்சு அவிழவே இல்ல.”

பெருமையாகத்தான் சொன்னேன். அப்பா வளையத்தைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போய்விட்டார்.

பச்சையாக வெட்டி நட்ட கமுகு காற்றிலும் வெயிலிலும் காய்ந்து மெலிந்துபோகும். அப்போது எவ்வளவு நல்ல முடிச்சும் மரத்தைவிட்டு நழுவும். வேலை நடக்கிற நாட்களில் அப்பா காலைதோறும் இறுக்கிவிடுவார். ஆடி முழுக்க இறுக்க ஆளில்லை. இதையெல்லாம் நான் வளர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மாமாவுக்கு ஒரு கைக்குழந்தை இருந்தது. வீட்டு உத்திரத்தில் தொட்டில் தொங்கும். அதற்குப் பிறகு அப்பா தினமும் வேலைக்குப் போகும் முன் என்னையும் கூட்டிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போவார். குழந்தையைத் தூக்கி என் மடியில் கொடுத்துவிட்டு, தொட்டில் கயிற்றைப் பிடித்துத் தன் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்குவார். பிறகு அவிழ்த்து மறுபடி கட்டுவார்.

“நேத்துதானே கெட்டினிய, அண்ணே?” என்பார் மாமி.

“இருக்கட்டும்மா.”

அப்பாவுக்குத் தொட்டிலில் ஆட ஆசை வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லி நான் சிரித்தேன். அம்மா சிரிக்காதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

குழந்தை நடக்கத் தொடங்கியது. ஒருநாள் காலையில் அப்பா போனபோது மாமி, “இனி தொட்டில் வேண்டாம் அண்ணே. கழத்தித் தந்திருங்க,” என்றார். அப்பா முடிச்சை அவிழ்த்தார். அன்றைக்கு அவிழ்க்க வெகுநேரம் ஆனது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உத்திரத்தையே பார்த்தபடி நின்றார்.

“இனி எதக் கெட்டுகது?” என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பாவம், அப்பாவுக்கு நினைவு வரவில்லை போல என்று நான்தான் உதவிக்குப் போனேன். “நம்ம பசு இருக்கே அப்பா!”

அப்பா குனிந்து என்னைப் பார்த்தார். “ஆமா மக்கா, பசு இருக்கு,” என்றார். சரியான பதில் சொன்ன சந்தோஷத்தில் அந்தக் கயிற்றை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவருக்கு முன்னால் துள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.