என் கை கோணவில்லை

கொரோனா இரண்டாம் முறை வந்து நாட்டை மூடிய வருடம். வைகாசி மாதம். இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம். ஒரே வரிசையில் பத்துக் காம்பரா, அறைக்கு ஒன்றாகப் பத்துக் குடும்பம். எங்களுடையது முனையில் இருக்கும் கோடிக் காம்பரா.

நான் மூன்றாம் வகுப்போடு சரி. கவ்வாத்து வெட்டுவது என் வேலை. தேயிலைச் செடி வயதேறி உயர்ந்துவிட்டால், கத்தியால் ஒரே உயரத்துக்கு மட்டமாக வெட்டிவிட வேண்டும். வெட்டி முடிந்ததும், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அளவுக் குச்சியோடு வருவார். செடிகள் மேல் குச்சியைப் படுக்கப் போட்டுப் பார்ப்பார். இருபத்திரண்டு வருடத்தில் நான் வெட்டிய செடி வரிசையில், அதாவது என் நிரையில், அந்தக் குச்சி ஆடியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும், அதனால் சொல்கிறேன்.

மனைவி அப்போது குவைத்தில் இருந்தாள். வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம் முடிந்து, திரும்ப வேண்டிய நேரத்தில் விமானம் நின்றுவிட்டது. அவளையும் இன்னும் ஐந்து பெண்களையும் ஓர் அறையில் தங்க வைத்திருந்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. நான் எழுத்துக் கூட்டி வாசிக்க நேரமெடுப்பேன் என்று அவள் எழுத மாட்டாள். குரலில் பேசி அனுப்புவாள்.

"ஏங்க, இங்க பகலா ராவான்னே தெரியல. தெனம் காலைல நம்ம வானத்த ஒரு போட்டோ புடிச்சு அனுப்புங்க. ஒங்க மூஞ்சி வேணாம், பாத்தாச்சு. வானம் போதும்."

சரி என்றேன்.

எங்கள் பின்வாசல் படியில் உட்கார்ந்து நிலைக்காலில் தோளைச் சாய்த்தால் லயத்தின் முதுகு முழுவதும் தெரியும். ஒரு பக்கம் சமையல் செய்யும் குசினிகளின் கூரைகள் வரிசையாக. மறுபக்கம் மலை. மலைமேல் தனியாக ஒரு தைலமரம். நடுவில் வானம். தினமும் காலை ஆறு மணிக்கு அதே படி, அதே தோள், ஒரு படம். என் போன் பழசு. கொஞ்சம் படம் சேர்ந்தாலே நின்றுவிடும். அதனால் அனுப்பியவுடன் அழித்துவிடுவேன். அவள் ஒன்றையும் அழிக்கவில்லை. அது எனக்கு அப்போது தெரியாது.

படம் போய்ச் சேர்ந்ததும் ஏதாவது சொல்லி அனுப்புவாள். "இன்னிக்கு வானம் கஞ்சி மாதிரி இருக்கு." "இன்னிக்குப் பரவால்ல, சேலை கட்டிருக்கு." நான் "ம்" என்று அனுப்புவேன்.

இப்படி இருக்கும்போது, கொழும்பிலிருந்து முதல் காம்பராவுக்கு வந்த ஒருவருக்குத் தொற்று என்று சொல்லி அழைத்துப் போனார்கள். எங்கள் லயத்தைப் பதினாலு நாள் மூடினார்கள். இரண்டு முனையிலும் மஞ்சள் நாடா. ரோட்டில் ஒரு பொலிஸ்காரர். அரிசியும் பருப்பும் நாடாவுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் போய் எடுப்போம்.

அன்றே மழை பிடித்தது. மலைநாட்டு மழை பற்றி எழுத ஒன்றும் இல்லை. பெய்தது. நிற்கவில்லை. வானம் ஒரே சாம்பல். எடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். "மழையவே எடுங்க" என்றாள். எடுத்தேன்.

மழை தொடங்கி ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, குரல் வந்தது.

"என்னங்க, கை கோணுதா? ஒங்க போட்டோ எல்லாத்தையும் வரிசையா தள்ளிப் பாத்தா மரம் ஆடுது. வயசாயிருச்சா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோணுவதற்கு இது யார் கை? மறுநாள் காலை ஒரு நூலில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டி, கூரைச் சட்டத்திலிருந்து பின்வாசலில் தொங்கவிட்டேன். நட்டு ஆடி நின்றதும், நூலும் மரமும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுத்தேன். அனுப்பினேன். அதற்கு மேல் என்ன பேச்சு? நூல் பொய் சொல்லாது.

அரை மணி கழித்துப் பதில் வந்தது.

"நூலு நேராத்தாங்க இருக்கு. ஒங்க கையும் நேருதான். அப்ப மரம்?"

கூடவே பழைய படம் ஒன்றையும் அனுப்பியிருந்தாள். மழைக்கு முன் நான் எடுத்தது. அதில் மரம் கம்பம் மாதிரி நிற்கிறது. இன்றைய படத்தில் அடிமரம் நூலோடு ஒட்டியிருக்கிறது, உச்சி விலகியிருக்கிறது. விரல்நகம் அளவு. சாய்ந்திருப்பது லயத்தின் பக்கம்.

சண்டையில் ஜெயித்த சந்தோஷம் ஒரு நிமிடம் இருந்தது. பிறகு இரண்டு படத்தையும் இன்னொரு தடவை மாற்றிப் பார்த்தேன்.

மறுநாளும் எடுத்தேன். நகம் அளவு இருந்தது ஒரு விரல் அளவாகியிருந்தது.

நான் லயத்தை விட்டுப் போகக்கூடாது. தெரியும். ஆனாலும் குசினிக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் கானைத் தாண்டி மேலே ஏறினேன். அந்த மலை போன வருடம் நானும் எங்கள் ஆட்களும் கவ்வாத்து வெட்டிய மலை. புதுத் துளிர் விட்டிருந்தாலும் மட்டம் மாறாது. பாதி மலை ஏறியதும் நின்றுவிட்டேன். ஒரே நிரை. ஒரே உயரத்துக்கு வெட்டிய செடிகள். மேலே உள்ள செடியிலிருந்து அடுத்த செடி ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. அதிலிருந்து மலை நீளத்துக்கும் அதே மாதிரி, படி வெட்டியதுபோல. செடிகளை விலக்கிப் பார்த்தேன். மண்ணில் வெடிப்பு. கவ்வாத்துக் கத்தியை உள்ளே விட்டேன். பிடி வரைக்கும் போனது. அடி தட்டவில்லை.

கீழே இறங்கி முதலில் மச்சானிடம் சொன்னேன். மனைவியின் அண்ணன். பக்கத்துக் காம்பரா. வாய் சும்மா இருக்காத மனிதர்.

"தங்கச்சி குவைத்துல இருந்துகிட்டு நம்ம மலையப் பாக்குதாக்கும். நீ இங்க வானத்தப் பாத்து சோசியம் சொல்ற. நல்ல குடும்பம் மாப்ள."

"வெடிப்புல கத்தி முழுசா போகுது மச்சான்."

"மழைக்கு எல்லா மலையுந்தான் வெடிக்கும். எங்க போகச் சொல்ற? வெளில பொலிசு. பக்கத்து லயத்துக்குப் போனா கல்லால அடிப்பாங்க. இங்கயே கெடந்து சாவோம், வீட்ல செத்த மாதிரியாவது இருக்கும்."

மச்சான் சொன்னதில் பாதி நியாயம். யாரும் எங்களைச் சேர்க்க மாட்டார்கள். நாங்கள் நோய் பிடித்த லயம்.

கண்டாக்கு ஐயாவுக்குப் போன் எடுத்தேன். நல்ல மனிதர்தான். ஆனால் பயந்தார்.

"மூடின லயத்த நான் எப்படிப்பா தொறக்கிறது? என் வேலை போயிரும்."

"தொறக்க வேணாங்க ஐயா. அந்தக் குச்சிய எடுத்துக்கிட்டு மேல் ரோட்டுப் பக்கமா மலைக்கு வாங்க. என் நிரைல ஒரு தடவ வச்சுப் பாருங்க. அவ்வளவுதான் கேக்குறேன்."

போனை வைத்துவிட்டார்.

மத்தியானம் மழைக்கோட்டோடு மலைமேல் ஓர் ஆள் தெரிந்தார். நான் படியில் நின்று பார்த்தேன். குனிந்து குச்சியை வைத்தார். நிமிர்ந்தார். இன்னோர் இடத்தில் வைத்தார். பிறகு குச்சியை அங்கேயே போட்டுவிட்டு வேகமாக இறங்கிப் போனார். அவர் குச்சியைப் போட்டுவிட்டுப் போய் நான் பார்த்ததே இல்லை.

கண்டாக்கு ஐயா சொல்லி, ஒரு மணி நேரத்தில் பி.எச்.ஐ. மாத்தயா வந்தார். எங்கள் லயத்துக்கு நாடா கட்டிய அதே சுகாதார அதிகாரி. சிங்களவர், ஐயாவுக்கு அவர்கள் மொழியில் மாத்தயா; தமிழ் ஓரளவு பேசுவார். என் போனை மதிலில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். வைத்தேன். மருந்துத் தண்ணீர் அடித்துத் துடைத்து எடுத்தார். மனைவி அனுப்பிய பழைய படம், நான் அழிக்காமல் வைத்திருந்த நூல் கட்டிய இரண்டு படம். மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இது யார் எடுத்தது?"

"நான்தாங்க மாத்தயா."

"நூல் எதுக்கு?"

"சம்சாரம் என் கை கோணுதுன்னு சொல்லிருச்சுங்க."

முகமூடிக்குள் சிரித்தாரா என்று தெரியவில்லை. யாருக்கோ சிங்களத்தில் போன் பேசினார். வெடிப்பைப் பார்க்க ஏறினேன் என்று சொன்னதற்குச் சத்தமும் போட்டார். வாங்கிக்கொண்டேன். கடைசியில், பள்ளிக்கூடம் மூடித்தானே இருக்கிறது, எல்லாரும் இப்போதே அங்கே போங்கள் என்றார்.

இரண்டு கை தள்ளித் தள்ளி, மழையில் வரிசையாகப் போனோம். பொலிஸ்காரர் லயத்தில் கட்டியிருந்த மஞ்சள் நாடாவை அவிழ்த்துச் சுருட்டி எடுத்து வந்து பள்ளிக்கூட கேட்டில் கட்டினார். போகும் வழியில் மற்ற லயங்களில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஆனால் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே இரண்டு கட்டு விறகும் ஒரு கேத்தல் சுடுதண்ணீரும் இருந்தன. யார் வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் மழை நின்றது.

அதற்கடுத்த நாள் வெயில். நல்ல வெயில். மலை அப்படியே இருந்தது. வகுப்பறைத் தரையில் படுத்து முதுகு வலித்தவர்கள் என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். "சோசியரே, மலை எப்ப வருதாம்?" என்று மச்சான் தினமும் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மனைவிக்குப் பள்ளிக்கூட வாசலிலிருந்து வானம் எடுத்து அனுப்பினேன். "இது வேற வானம், மரத்தக் காணோம்" என்றாள்.

மழை நின்ற நான்காம் நாள் காலை, மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தார். கோழிகளைக் கூடையில் அடைத்துவிட்டு வந்திருந்தார். தீனி போட வேண்டுமாம். பொலிஸ்காரர் தேநீர் குடிக்கப் போன நேரம். மச்சானைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருத்தி அடுப்பங்கரையில் விட்ட பானையை எடுக்க வேண்டும் என்றாள். ஒருவர் போனால் மத்தியானத்துக்குள் எல்லாரும் போய்விடுவார்கள். எனக்குத் தெரியும்.

கேட்டில் போய் நின்றேன்.

"வழிய விடு மாப்ள."

"விட மாட்டேன்."

"வெயில் அடிக்குதுய்யா. ஒன்னும் ஆகல. பாத்தல்ல?"

"மச்சான், என் நிரைல குச்சி ஆடுனதப் பாத்துருக்கீங்களா?"

"இல்ல."

"இப்ப ஆடுது."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "கோழி செத்தா நீதான்யா வாங்கித் தரணும்" என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

பத்து மணி இருக்கும். லொறியில் கல் கொட்டுகிற மாதிரிச் சத்தம். ஆனால் கொட்டி முடியவில்லை, தொடர்ந்து வந்தது. எல்லாரும் ஓடி வந்து பார்த்தோம். பள்ளிக்கூடத்திலிருந்து லயம் தெரியாது, மலையின் பாதி தெரியும். தைலமரம் நின்றபடியே கொஞ்ச தூரம் கீழே வந்தது. ஓர் ஆள் இறங்கி நடந்து வருவதுபோல. பிறகு விழுந்தது. தூசி எழும்பவில்லை. ஈர மண்.

எங்கள் பக்கம் ஆறு காம்பரா போனது. குசினி ஒன்றும் மிஞ்சவில்லை. நான் தோள் சாய்த்த நிலைக்கால் இருந்த இடத்தில் ஒரு பாறை கிடந்தது. மனிதருக்கு ஒன்றும் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

மச்சான் படியில் போய் உட்கார்ந்தார். பிறகு, "கோழி போச்சு மாப்ள" என்றார். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கோழிக்காக இல்லை.

அன்று சாயங்காலம் மனைவிக்கு நானே பேசி அனுப்பினேன். என் வாழ்க்கையிலேயே நீளமாகப் பேசியது அதுதான். இரண்டு நிமிடம் இருக்கும். அவள் பதில் சின்னது. "நாளைக்கும் வானம் எடுங்க."

ஆறு மாதம் கழித்து வந்தாள். பெட்டியை இறக்கி வைத்ததும் பழைய லயத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். மண்மேட்டில் புல் முளைத்திருந்தது. போனை எடுத்து ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினாள். எல்லாம் வைத்திருந்தாள். நான் அழித்த அத்தனையும்.

இப்போது வேறு மலையில் இருக்கிறோம், தகரக் கூரை. பின்வாசலில் ஒரு நூலும் நட்டும் தொங்குகின்றன. மழைக்காலத்தில் காலையில் நான் படம் எடுப்பேன். அவள் பார்ப்பாள். மச்சான் வந்தால் முதலில் நூலைப் பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பார்.

என் கை அன்று கோணவில்லை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவள் குறை சொல்லாமல் இருந்திருந்தால் நான் நூல் கட்டியிருக்க மாட்டேன், அதனால் இப்போது யார் என்னைக் குறை சொன்னாலும் கோபப்படுவதற்கு முன்னால் ஒரு தடவை நூலைத் தொங்கவிட்டுப் பார்க்கிறேன்.